எடுக்காததைத் திருப்பிக் கொடுத்தவள்

கடைக்குள் நுழையும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே வரும்போதுதான் உதறல் எடுக்கும். வாசலில் காக்கிச் சட்டை போட்டு ஒருவர் நிற்பாரே, அவரைக் கண்டதும் என் முகம் தானாகவே திருடியின் முகமாகிவிடும். வாங்கிய சாமானுக்கு ரசீது கையில் இருக்கும். இருந்தும் என்ன? கைப்பையைத் திறந்து கவிழ்த்து, முந்தானையை ஒரு உதறு உதறி, "பாத்துக்கோப்பா" என்பேன். போன மாதம் ஒரு காவல்காரப் பையன் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டான். மேனேஜர் வந்து என் பையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், நாம் ஏன் பார்த்தோம் என்பதுபோல அவரே தலையைச் சொறிந்துகொண்டு போனார். என் மருமகள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சும்மா இருப்பவனுக்கும் சந்தேகத்தை உண்டாக்கிவிடும் இந்தத் திறமை எனக்கு என் அத்தையிடமிருந்து வந்தது. வேறு திறமை எதுவும் அவளிடமிருந்து எனக்கு வரவில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைதான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் புதுப் பாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று இடம் மாறினாலும் புடவையில் கோணல் தெரியும். எங்கள் பக்கம் தறியில்லாத வீடு கிடையாது. அதனால் அத்தை கால் வைக்காத வீடும் கிடையாது. விடிந்ததும் ஒரு வீட்டுக்குள் போய்த் தறிக்கு முன்னால் உட்கார்ந்தால், பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். எதிரில் உட்கார்ந்து இழையைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதனால்தான் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். உண்மை என்னவென்றால், ஆறாம் வகுப்பு இருந்த பள்ளிக்கூடம் பெரிய கட்டிடம். அதற்குள் வழி தெரியாமல் தொலைந்துபோவேன் என்று நினைத்து நினைத்தே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து, சேர்க்கும் நாள் முடிந்து, காய்ச்சல் விட்டது. அத்தை என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வேலை முடிந்து கிளம்பும்போதுதான் பார்க்க வேண்டும் அத்தையை. வாசற்படியில் நின்று வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். அவள் அடுப்பில் எதை வைத்திருந்தாலும் வந்தாக வேண்டும். முந்தானையை விரித்து உதறுவாள். கொண்டையை அவிழ்த்து உதறிக் கட்டுவாள். இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவாள். அப்புறம் என் முறை. பாவாடையைப் பிடித்து உதற வேண்டும், சடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். சில நாள் வாயையும் திறந்து காட்டச் சொல்வாள். பட்டும் சரிகையும் கிடக்கிற வீடு. ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது எடுத்ததாகத்தானே ஆகும்?

"பாத்துக்கோம்மா. ஒண்ணும் ஒட்டிக்கினு போவல."

"இன்னாமா நீ, நாங்க உன்ன சந்தேகமா பட்டோம்? தெனம் இது ஒரு கூத்து!"

"நீ படறதுக்கு முன்னாடி நானே காமிச்சிட்டா நல்லதுதானே?"

இதை அவள் சிவன் கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கோயிலைச் சுற்றி முடித்து வரும்போது சண்டிகேஸ்வரர் முன்னால் நின்று, உன் சொத்து எதையும் கொண்டுபோகவில்லை என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருவோமே, அதேதான். மற்றவர்கள் அங்கே தட்டியதோடு விட்டுவிடுவார்கள். அத்தைக்கு எல்லா வீடும் சிவன் வீடாகிவிட்டது, எல்லா வீட்டுக்காரியும் சண்டிகேஸ்வரர்.

ஒருமுறை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, குதிகாலில் சிவப்பு இழை ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டாள். விரல் நீளம் இருக்கும். அதை வெற்றிலையில் வைத்து மடித்து, கொளுத்துகிற வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரி அவள் கண் முன்னாலேயே அதை அடுப்பில் போட்டாளாம். "அது அவ இஷ்டம். அவளுது" என்றாள் அத்தை.

சாவு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அத்தை பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்தாள். எழுந்தவள் முந்தானையை உதறினாள். அதோடு விட்டிருக்கலாம். செத்தவரின் மகனைக் கூப்பிட்டு, "அப்பா வெரல்ல மோதரம் இருக்குது, பாத்துக்கோப்பா. நான் பக்கத்துல குந்தினு இருந்தேன்" என்றாள். அழுதுகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. அதுவரை மோதிரத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று மருமகள்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே அழுதார்கள். எங்களை அந்த வீட்டில் பதினாறாம் நாளுக்குக் கூப்பிடவில்லை.

"நம்ம குடும்பத்துல கை வெச்சவங்க கெடையாதுடி" என்பது அத்தை வாயில் தினமும் வரும். அவள் அப்படிச் சொல்லும்போது எங்களுக்கு ஏதோ மாளிகையும் நிலமும் இருப்பதுபோல இருக்கும். எங்களுக்கு இருந்தது, நெய்ய உட்கார்ந்து காலை இறக்குகிற ஒரு தறிக்குழியும் மழைக்கு ஒழுகுகிற கூரையும். அதோடு இந்தப் பெயரும்.

அத்தையின் புருஷனைப் பற்றி அவள் பேச மாட்டாள். அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த ஆள் பெங்களூருக்குத் தறி வேலைக்குப் போனவர் போனவர்தான். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு மாமியார் இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கிளம்புகிற அன்று வாசலில் நிற்க வைத்து, இவளை உதறச் சொன்னாளாம். இவளும் உதறினாளாம். "அப்பிடி ஒதறின அப்புறமும் அந்தப் பொம்பள உள்ள போயி பாத்திரத்த எண்ணிட்டுதான் கதவ சாத்தினா" என்று அம்மா சொன்னாள். இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா அத்தையைத் திட்டவில்லை.

இப்படிப்பட்டவளோடுதான் தெருக்கோடியில் மாடி வைத்த மெத்தை வீட்டுக்கு நான் பாவு பிணைக்கப் போனேன். அந்த வீட்டு முதலாளி நாலைந்து தறி வைத்திருந்தார். பட்டும் சரிகையும் கொடுத்து வெளியிலும் நெய்ய வைப்பார். எங்கள் அப்பாவும் அவருக்குத்தான் நெய்தார். முதலாளியம்மா நல்ல மனுஷி. வாய் கொஞ்சம் நீளம், கை தாராளம். எனக்கு மோர் கொடுக்கும்போது உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு நேரே சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு சரிகைக் கண்டு இருந்தது. கோழிமுட்டையைவிடச் சிறியது. தறிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டுக் கூரை, அதில் ஒரு கண்ணாடி ஓடு. காலையில் அதன் வழியாக இறங்குகிற வெயில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் நகர்ந்து, மத்தியானத்துக்கு முன்னால் மாடத்துக்குள் போகும். அப்போது அந்தக் கண்டு பற்றிக்கொண்டதுபோல எரியும்.

பெருமாள் கோயில் கருட சேவை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். ரப்பர் வளையலில் சரிகையை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் தங்க வளையல்தானாம். தொட்டுப் பார்த்தால்கூடத் தெரியாதாம். "கருட சேவ கூட்டத்துல யாருடி தொட்டுப் பாக்கப் போறா?" என்று கேட்டாள். என்னிடம் ரப்பர் வளையல் இருந்தது. சரிகைதான் இல்லை.

அந்தக் கண்டை எத்தனையோ விதத்தில் எடுத்தேன். எல்லாம் மனசுக்குள்ளேதான். தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது எடுத்தேன், போலீஸ் வந்தது. அத்தை கண் அயரும்போது எடுத்தேன். அத்தை விழித்துக்கொண்டு அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனாள். எடுத்து, வளையலில் சுற்றி, போட்டுக்கொண்டு, கருட சேவைக்கும் போய்விட்டேன். அங்கே கூட்டத்தில் ஒரு நிஜத் திருடன் தங்கம் என்று நினைத்து வளையலைக் கழற்றிக்கொண்டு ஓடினான். மனசுக்குள் திருடியதைக்கூட என்னால் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவும் நடந்தபோது என் கை இழையை விட்டு நகரவே இல்லை.

மத்தியானத்துக்குமேல் முதலாளியம்மா அந்தப் பக்கம் வந்தாள். மாடத்தைப் பார்த்தாள். "இங்க ஒரு கண்டு வெச்சிருந்தேனே, எங்க போச்சி?" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். கரண்டியைத் தேடும்போது நாமெல்லாம் சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

நான் மாடத்தைப் பார்த்தேன். காலி.

அத்தையின் விரல் நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே. காஞ்சிபுரத்துக் களவு எல்லாம் அதில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

அன்று கிளம்பும்போது அத்தை என்னை உதறியதில் பாவாடை நாடாவே அறுந்துவிட்டது. சடையைப் பிரித்துக் கோதினாள். ஒன்றும் விழவில்லை. விழாதது அவளுக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எடுத்தியா?"

"இல்ல அத்தே."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஆசப்பட்டியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுடி. ஆசப்பட்டியா?"

"பட்டேன்."

"அவ்ளோ தூரம் போனவ, கைய மட்டும் எங்க வெச்சிக்கினு இருந்த?"

யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனசுக்குள் அத்தனை தடவை எடுத்திருக்கிறேன். அதில் ஏதாவது ஒரு தடவை நிஜமாக எடுத்திருந்தால்? கண்டு மாடத்தில் இல்லை என்பதுதான் நிச்சயம். நான் எடுக்கவில்லை என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

"எடுத்துட்டேன்னுதான் நெனைக்கிறேன் அத்தே."

"எங்கடி வெச்ச?"

"தெரியல."

அத்தை துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று நான் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடிக்கவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்தாள். எங்கள் தாத்தா தன் தறியிலேயே அவளுக்கென்று நெய்தது. அரக்குச் சிவப்பு, ஒரு சாண் கரை. உட்கார்ந்து அந்தக் கரையிலிருந்து சரிகையை உருவ ஆரம்பித்தாள். அம்மா ஓடிவந்து, "அண்ணி, உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினாள். அத்தை தலை நிமிரவில்லை. நெய்த சரிகையை உருவினால், பின்னலை அவிழ்த்த மயிர் மாதிரி வளைவு வளைவாக வரும். எவ்வளவு இழுத்துச் சுற்றினாலும் அந்த வளைவு போகாது. அதை ஒரு குச்சியில் சுற்றிக் கண்டு மாதிரி செய்துகொண்டு, என் கையைப் பிடித்து மெத்தை வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றாள். குழாயடியில் பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். நெய்கிறவர்கள் இரண்டு பேர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளியம்மா! உங்க சரிகக் கண்ட எங்க பொண்ணு எடுத்துட்டா. கை வெக்காத குடும்பம், வெச்சிருச்சி. எடுத்தத எங்க போட்டான்னு தெரியல. இது என் பொடவ சரிக. எடையில கொறஞ்சா சொல்லுங்க, இன்னும் உருவித் தரேன்."

முதலாளியம்மா வெளியே வந்தாள். கையில் மாவு.

"இன்னாமா சொல்ற? கண்டு கெடச்சிருச்சே! தறிக்குழிக்குள்ள உருண்டு கெடந்துச்சி. நேத்து நீ போன கையோட எங்க தறி ஆளு எடுத்துக் குடுத்தாரு."

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அப்படியே பறப்பதுபோல இருந்தது. நான் எடுக்கவில்லை! இதைவிட நல்ல செய்தி எனக்கு அதற்கப்புறம் வாழ்க்கையில் வந்ததில்லை, கல்யாணச் செய்தி உட்பட.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ எடுத்தது எது?"

இந்தக் கேள்வியில் இருக்கிற நியாயத்தைப் பாருங்கள். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று ஒரு பிள்ளை சொல்லாது. அதுவும் எங்கள் குடும்பத்துப் பிள்ளை. இவள் எடுத்ததாக ஒத்துக்கொண்டாள். அந்தக் கண்டை எடுக்கவில்லை. அப்படியானால் வேறு எதையோ எடுத்திருக்கிறாள். எங்கே, யார் வீட்டில்? அத்தை சரிகைக் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். சமீபத்தில் பாவு பிணைத்த வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் போனோம்.

"உங்க வூட்ல எதுனா காணமா?"

யார் வீட்டில்தான் ஒன்றும் காணாமல் போயிருக்காது? அதுவரை யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை. கேட்டதும் நின்று யோசித்தார்கள். யோசித்ததும் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் அரிசி அளக்கிற ஆழாக்கைக் காணோம். இன்னொரு வீட்டில் சந்தனக் கல். ஒரு வீட்டில் மாமியாரின் ஒற்றைச் செருப்பு. ஒரு வீட்டுக்காரர் பொங்கலிலிருந்து அவருடைய சேவலைக் காணவில்லை என்றார். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சேவலை நான் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு, அது கூவாமல், உதறும்போதும் விழாமல் கொண்டுபோனதை அவர் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். முடியும் என்றுதான் அவர் முகம் சொன்னது.

சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பாளையத்தில் பாதிக் களவு என் பேரில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. தெருவில் பார்த்தால் "சாப்ட்டியாமா?" என்று கேட்பார்கள். ஆனால் பாவு தீர்ந்த வீடுகளுக்கெல்லாம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து போய்க்கொண்டிருந்தார். அத்தை காலையில் குளித்து, கொண்டை போட்டு, விரலுக்குச் சாம்பலை ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். யாரும் வராமல் மத்தியானம் ஆகும். மற்ற வீட்டுக்குள் போய் வருவது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அது போனால் அவளிடம் வேறு ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நெய்தார். அவருக்கு அக்காவை எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

அம்மாதான் பொறுக்க முடியாமல் ஒரு நாள் வெடித்தாள். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அன்னக்கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"ஊர்ல அவனவன் திருடிட்டு நல்லவன்னு பேர் வாங்குறான். திருடாம திருட்டுப் பட்டம் வாங்கினு வந்த குடும்பம் நம்ம ஒண்ணுதான் அண்ணி!"

"அவளே ஒத்துக்கினாளே."

"யாரு, இவளா? இவ மூஞ்சிய பாருங்க! ராத்திரி கொல்லைக்கு போக தொணைக்கு ஆள் வேணும் இவளுக்கு. பூன கத்தினா என் முந்தானைக்குள்ள பூந்துக்கறா. திருடறதுன்னா தகிரியம் வேணும் அண்ணி. இவளுக்கு அது ஏது? என் வயித்துல பொறந்த பொண்ணு, எனக்குத் தெரியாதா?"

என் வாழ்க்கையில் யாரும் எனக்காக இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. சந்தோஷப்படுவதா, எழுந்து போவதா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். "அப்ப ஏன்டி எடுத்தேன்னு சொன்ன?"

"இல்லன்னு சொன்னா நீ திரும்பத் திரும்பக் கேட்டுக்கினே இருந்த அத்தே."

அத்தை சாப்பிடாமல் கை கழுவிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மெத்தை வீட்டு முதலாளியம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சைக்கிள்காரர் பிணைத்த பாவு நெய்ய ஆரம்பித்ததும் பிரிந்து பிரிந்து வந்ததாம். கல்யாணத்துக்கு நெய்கிற புடவை. நாள் குறித்துவிட்டார்கள்.

"நீ வந்தாதான் ஆவும். நாளைக்கு வந்துரும்மா. பாப்பாவ மட்டும் வூட்ல வுட்டுட்டு வா. தப்பா நெனச்சிக்காத."

"அவ வராம நான் எப்பிடிமா வருவேன்?"

"இழ எடுத்துக் குடுக்க எங்க வூட்ல ஆள் இருக்குது."

"அவ எடுக்கலம்மா. எதையும் எடுக்கல."

"நீதானமா தெருவே கேக்கற மாதிரி சொன்ன, அவ எடுத்தான்னு?"

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

"நீ பொய் சொல்ற ஆளு இல்லையே?" என்றாள் முதலாளியம்மா. அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

அத்தை சொன்னால் ஊரே நம்பும். அதனால்தான் நான் திருடி என்று அவள் சொன்னபோது ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் நம்பினார்கள். இப்போது இல்லை என்கிறாள். இதை யாரும் நம்பத் தயாராக இல்லை. இத்தனை வருஷம் உதறி உதறிச் சேர்த்த பேரையெல்லாம் என்னைத் திருடியாக்குவதற்கே செலவழித்துவிட்டாள். என்னைக் காப்பாற்ற மிச்சம் ஒன்றும் இல்லை.

"வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்லன்னா அந்த சைக்கிளுக்காரரையே கூப்புட்டுக்கோங்க" என்றாள் கடைசியில். முதலாளியம்மா போன பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நானும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வாங்க ரெண்டு பேரும், இன்னா பண்றது" என்று மெத்தை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனோம்.

மாடம் காலியாக இருந்தது. துடைத்தே வைத்திருந்தார்கள். முதலாளியம்மா முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எங்களோடு உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த அரிசியில் கல்லே இல்லை. இருந்தாலும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மாடத்தைப் பார்த்தால் ஆசைப்படுகிறேன் என்று அர்த்தம். பார்க்காமல் இருந்தால் மறைக்கிறேன் என்று அர்த்தம். அத்தையின் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இழையை மாற்றிக் கொடுத்துவிட்டது.

"இழயப் பாருடி" என்றாள் அத்தை. குரல் எப்போதும்போல இருந்தது. விரலும் எப்போதும்போல ஓடியது.

பொழுது சாய்ந்ததும் எழுந்தோம். முதலாளியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் வாசலுக்கு வந்து நின்றாள். தறிச் சத்தம் நின்றது. நெய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன்.

அத்தை என் கையிலிருந்து பாவாடையை விடுவித்தாள். விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து மிச்சத்த முடிச்சித் தரோம்மா."

முதலாளியம்மா வழியை விடவில்லை. "இன்னாமா, ஒதறல?"

"தெனம் ஒதறினேன், எதுக்கு ஒதறேன்னு வைவீங்க. இன்னிக்கு ஒதறினா, இந்தப் பொண்ணுக்காக ஒதறினா மாதிரி ஆயிடும். இவ எடுக்கல. நீங்க நம்புனா நம்புங்க."

எனக்காக வேண்டி நானே ஓரமாக நின்று கொஞ்சம் உதறிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். முதலாளியம்மா அத்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

"காலையில சீக்கிரமா வந்துருங்க. வெயிலுக்கு முன்னாடி" என்றாள்.

தெருவில் இறங்கி நடந்தோம். அத்தை நேராகப் பார்த்து நடந்தாள். குழாயடியைத் தாண்டும்போதும் திரும்பவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கை வியர்த்து வழுக்கிக்கொண்டே இருந்தது. பயத்தில் என் கைதான் அப்படி வியர்க்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெருமுனை திரும்பியதும் நின்றாள். முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏன்டி, நெஜமாவே நீ எடுக்கல இல்ல?"

நான் யோசித்தேன். அந்த நாளை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன்: தண்ணீர் குடிக்க எழுந்தேனா, எழவில்லையா, போலீஸ் வந்தது நிஜமா, இல்லையா. கண்டு தறிக்குழியில் கிடைத்தது என்று முதலாளியம்மாதானே சொன்னாள், நாங்கள் கண்ணால் பார்க்கவில்லையே என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

"இல்ல அத்தே" என்றேன்.

"அத சொல்றதுக்கு ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றாள் அத்தை.